அருளப்பன் சாரின் பூகோளம்

ஆறாம் வகுப்பு அருளப்பன் சார் நாளைக்குப் பிள்ளைகளைக் கோணமலை உச்சிக்குக் கூட்டிப் போகிறாராம். புத்தகத்தில் இருக்கிற பூகோளத்தை நேரில் காட்டப் போகிறாராம். பெற்றவர்கள் சரி என்றால்தான் பிள்ளைக்கு இடம். அதற்குத்தான் பள்ளிக்கூடம் விட்டதும் வகுப்பறையிலேயே கூட்டம் போட்டிருந்தார்.

சங்கரவடிவு கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து அவளுக்குப் பழக்கமில்லை. காலையில் தலை பின்னும்போதே மகள் பிரதிபா, "அம்மா, சும்மா உக்காந்துட்டு வந்துராத, சரின்னு சொல்லிரு" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். ஆனால் கோணமலையில் பாதை என்று ஒன்று கிடையாது. எல்லாம் முள்ளுக்காடு. விறகுக்குப் போன பெரிய ஆட்களே திசை தப்பி அடுத்த ஊரில் போய் இறங்கியிருக்கிறார்கள்.

"பிள்ளைகளை வழி தப்ப விட்ருவீகளா சார்?" என்று பாத்துமுத்து அக்காதான் முதலில் கேட்டாள்.

சார் சிரிக்கவில்லை. "எங்கிட்ட பூகோளம் படிச்ச பிள்ளையா தொலையும்? ஒரு இடம் எங்க இருக்குன்னு கோடு போட்டுச் சொல்றதுதான் முதல் பாடம். மைதானத்துல சுண்ணாம்புல நிலநடுக்கோடு போட்டேன். அந்தப் பக்கம் கோடை, இந்தப் பக்கம் குளிர்காலம்னு விளக்குனேன். அப்ப நம்ம மாடக்கண்ணு அண்ணாச்சியோட கிடா வந்து கோட்டுக்குக் குறுக்க நின்னுட்டு. முன்பாதி நாக்கைத் தள்ளிக்கிட்டு இரைக்குது, பின்பாதி வெடவெடன்னு நடுங்குது."

மாடக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். "என் கிடாவுக்கா? எனக்குத் தெரியாம?"

"எப்படித் தெரியும் அண்ணாச்சி? நீங்க தலைப்பக்கம் மட்டும்தான் தடவிப் பாப்பீங்க."

மாடக்கண்ணு யோசித்தார். அது உண்மைதான்.

"அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குணம் உண்டுன்னு நடத்துனேன். இமயமலைப் பனியைச் சொல்லிக்கிட்டிருக்கேன், முன் பெஞ்சுப் பிள்ளைக தலையெல்லாம் வெள்ளை. அன்னைக்குச் சத்துணவுச் சாம்பாரை ஆயாம்மா கத்தி வச்சு அறுத்துத்தான் தட்டுல வச்சாங்க."

"சத்துணவுச் சாம்பாரு கெட்டியா இருந்துச்சா?" பாத்துமுத்து அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "கிடாவைக்கூட நம்பிட்டேன் சார். இதை நம்ப முடியல."

எல்லாரும் சிரித்தார்கள். சங்கரவடிவுக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு கோணமலையிலேயே நின்றது.

சார் விடவில்லை. "மனுசன் பூமியை எப்படி மாத்துறான்னு சொன்னேன். பிள்ளைக போய்க் குழாயடி வாய்க்கால்ல அணை கட்டிட்டாங்க. மறுநாள் அதுல மீன் துள்ளுது. கீழத்தெருக்காரங்க பங்குத் தண்ணி கேட்டு மாலையோட பேச்சுவார்த்தைக்கு வந்துட்டாங்க."

"நானும் கீழத்தெருதான். எனக்கு யாரும் சொல்லலையே" என்றார் மாடக்கண்ணு.

"பேச்சுவார்த்தை ரகசியமா நடந்துச்சு அண்ணாச்சி. அதை விடுங்க. பறவைகள் நாடு விட்டு நாடு வர்றதை நடத்துனேன் பாருங்க, ஜன்னல் வழியா ஒரு நாரைக்கூட்டமே வந்து கடைசி பெஞ்சுல உக்காந்துட்டு. வருகைப்பதிவு எடுத்தா வரிசையா மூக்கைத் தூக்குது. பரீட்சை எழுதிப் பாஸாகி, டி.சி. கொடுத்தாத்தான் போவோம்னு நின்னு வாங்கிட்டுத்தான் போச்சுக. இப்பேர்ப்பட்ட என்னை நம்பிப் பிள்ளையை அனுப்ப யோசிக்கலாமா?"

ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். மாடக்கண்ணு கையும் மெல்ல மேலே போனது. எல்லாரும் திரும்பிச் சங்கரவடிவைப் பார்த்தார்கள்.

அவள் மெதுவாக எழுந்து நின்று, "சார்... உச்சியில இருந்து நம்ம ஊருக்கு எந்தப் பக்கம் இறங்கணும்?" என்றாள்.

"கிழக்கே."

"கிழக்குன்னா... எங்கன?"

சார் கம்பீரமாகத் திரும்பி, தெற்குச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்துக்கு நேரே நின்றார். வரைபடத்தின் வலது ஓரம் கிழக்கு. அதையே பார்த்துக்கொண்டு வலது கையை நேராக நீட்டினார். அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. கையை இறக்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

எல்லாரும் இறங்குகிற சூரியனையும் சாரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கண்ணு கூசுதா சார்?" சங்கரவடிவு போய் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

சார் தொண்டையைச் செருமினார். "போன வாரம் பூமி சுத்துறதைப் பாடம் நடத்துனேன்மா. கொஞ்சம் அழுத்தி நடத்திட்டேன் போல. அரைச்சுத்து கூடுதலாத் திரும்பி நிக்குது."

"அப்படியா சார்?" என்றாள் சங்கரவடிவு. "அப்ப பிரதிபாகூட நானும் மலைக்கு வாரேன். நாளைக்கு நீங்க உச்சியில வச்சு ஏதாச்சும் பாடம் நடத்திட்டா, இந்தப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்ல?"