துடைக்காத தட்டு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவள் கலாமணி. போன தைப்பூசம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, கோயில் அன்னதானத்துக்கு நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். அப்போது சொன்னாள். அவள் சொல்கையில் விரல் பேசியது, ஊசி பேசியது, சர்க்கரை பார்க்கிற மெஷினும் பேசியது. அதெல்லாம் எங்கேயாவது பேசுமா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. முருகா, முருகா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு மோதிர விரல் இருந்தது. தெய்வாத்தாள் என்கிற அம்மாளின் வலது கையில் இருந்தது. காலையில் குளித்து வந்ததும் அவள் நெற்றிக்குக் குங்குமம் வைக்கிற வேலை அதற்கு. அதனால் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"உனக்கென்னப்பா, குங்குமச் சிமிழோடு சரி. குத்து வாங்குறது நாங்கதானே?" என்று இடது கை விரல்கள் குறைபட்டுக்கொள்ளும். அதுவும் நிஜம்தான். தெய்வாத்தாளுக்குச் சர்க்கரை. வீட்டிலேயே பார்த்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறாள். குத்திக் குத்தி இடது கை விரல்களின் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்துப் போயிருந்தது.

அலமாரியில் ஒரு நீலப் பை. அதற்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள். மெஷின், குத்தூசி, அப்புறம் சின்ன டப்பாவுக்குள் ரத்தத்தைத் தொட்டுப் பார்க்கிற ஸ்ட்ரிப்புகள்.

குத்தூசி கிழடு. "ஆடியிலே இந்த வீட்டுக்கு வந்தேன். ஒரு தடவை குத்திட்டு வீசிடணுமாம், என் உறையிலே போட்டிருக்குது. போட்டவனா வந்து புதுசு வாங்கித் தர்றான்?" என்று முனகும்.

மெஷின் மினுமினுப்பானது. மகன் சிவசாமி திருப்பூரில் வாங்கியபோது அதை அநேகமாகச் சும்மா கொடுத்தார்கள். தீனிக்குத்தான் விலை. யானையைத் தானமாகக் கொடுத்துவிட்டுக் கரும்பை விலைக்கு விற்கிற மாதிரி. அந்தக் கரும்புதான் ஸ்ட்ரிப். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வார்த்தை பேசும். பேசியதும் செத்துவிடும். அப்படியொரு பிறவி.

சிவசாமி மாதாமாதம் ஒரு டப்பா அனுப்புவான். அந்த மாதம் பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை. "அடுத்த வாரம் அனுப்பிடறேன்பா" என்று போனில் சொன்னான். டப்பாவுக்குள் கடைசியாக ஒரே ஒரு ஸ்ட்ரிப் மிச்சமிருந்தது.

"அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று தெய்வாத்தாளின் வீட்டுக்காரர் நாச்சிமுத்து அதைத் தொடாமல் வைத்திருந்தார்.

நாச்சிமுத்து காய்கறி மார்க்கெட்டில் எடை போடுகிறவர். வாய்ப்பேச்சை நம்ப மாட்டார். "தராசு சொல்லட்டும்" என்பார். விவசாயி கெஞ்சினாலும் அதேதான், வியாபாரி மிரட்டினாலும் அதேதான். மூட்டையை ஏற்றுவதற்கு முன்னால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துத் தராசுத் தட்டை ஒரு துடை துடைப்பார். "ஒட்டியிருக்கிற மண்ணும் எடைதானப்பா" என்பார். அந்தத் துண்டுக்காகவே மார்க்கெட்டில் அவருக்கு மரியாதை.

அதற்கு முந்தின வருஷம், தைப்பூசம் கழிந்த மறுநாள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தெய்வாத்தாளுக்கு ஒரே அசதி. கால் துவண்டது.

"ஏனுங்க, ஒரு மாதிரி வருதுங்க."

"காலையில என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு இட்லிங்க. அதுக்கு மேல எறங்கலை."

"சரி இரு, பார்த்துடலாம்" என்று அவர் நீலப் பையை எடுக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பூங்கோதை வந்தாள். பழநிக்கு நடந்து போய்த் திரும்பியிருந்தாள். காலெல்லாம் கொப்புளம், முகமெல்லாம் சிரிப்பு. கையில் பஞ்சாமிர்த டப்பா.

"அக்கா, உங்க பேரைச் சொல்லி ஒரு தேங்காய் உடைச்சேன். இந்தாங்க. டப்பா இங்கேயே இருக்கட்டும், சாயந்திரம் வாங்கிக்கறேன்" என்று வைத்துவிட்டுப் போனாள்.

தெய்வாத்தாள் மோதிர விரலால் கொஞ்சம் வழித்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புருஷன் கையில் ஒரு உருண்டை வைத்தாள். தன் நாக்கு நுனியில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். பிறகு விரலைச் சேலைத் தலைப்பில் தடவி, தலையிலும் தடவிக்கொண்டாள். தண்ணீர் விட்டுக் கழுவவில்லை. பிரசாதம் தொட்ட கையைக் கழுவினால் அந்தத் தண்ணீர் சாக்கடைக்கல்லவா போகும்? சாமி கொடுத்ததைச் சாக்கடையில் விடுவதா? அவள் அம்மாவும் விட்டதில்லை, அவளும் விட்டதில்லை.

மோதிர விரலின் நுனியில் பிசுபிசுவென்று கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

"யாரு நீ?" என்றது விரல்.

"மலையிலிருந்து வர்றேன். வெல்லமும் பழமும் தேனும். நல்லதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றது பஞ்சாமிர்தம்.

"இருந்துட்டுப் போ" என்றது விரல்.

நாச்சிமுத்து இடது கையைப் பிடித்துப் பார்த்தார். நுனியெல்லாம் கல். போன தடவை அதில் குத்தி, ரத்தம் போதாமல் ஒரு ஸ்ட்ரிப் வீணாய்ப் போயிருந்தது. இப்போது இருப்பதோ ஒன்று.

"அந்தக் கையைக் குடு புள்ள. இது சரிப்படாது."

வலது கை வந்தது. அவர் மோதிர விரலைப் பிடித்தார்.

விரலுக்குத் திக்கென்றது. "அண்ணா, என் மேலே இனிப்பு இருக்குது" என்று குத்தூசியிடம் சொன்னது.

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்குக் குத்தத்தான் தெரியும்" என்றது குத்தூசி. குத்தியது.

ரத்தத்துளி எட்டிப் பார்த்தது. பாவம், வெளிறிக் கிடந்தது. "எங்க கிட்ட இன்னைக்குச் சர்க்கரையே இல்லை. அம்மா பசியா இருக்காங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றது. சொல்லிக்கொண்டே வெல்லத்தின்மேல் விழுந்து கலந்தது.

கடைசி ஸ்ட்ரிப் நாக்கை நீட்டியது.

"வேண்டாம்! என்னைக் கழுவச் சொல்லு. அப்புறம் பேசு" என்று விரல் கத்தியது.

"எனக்கு ஒரே வார்த்தைதான்" என்றது ஸ்ட்ரிப். "தொட்டதைச் சொல்லுவேன். அது உள்ளேயிருந்து வந்ததா, வெளியே ஒட்டினதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" தொட்டது. சொன்னது. செத்துப்போனது.

மெஷின் அதை அப்படியே எண்ணாக்கிப் பளிச்சென்று காட்டியது. நானூற்றுக்கு மேலே.

நாச்சிமுத்துவின் முகம் மாறிவிட்டது.

"எவ்வளவு தின்ன?"

"நாக்கு நுனியில வெச்சதோட சரிங்க."

"பொய் சொல்லாதே புள்ள."

"முருகன் மேல சத்தியமுங்க. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"நான் பையை எடுக்கத் திரும்பினேன். அதுக்குள்ள தின்னுருப்பே. மெஷினா பொய் சொல்லும்?"

கூடவே வாழ்ந்தவள் வாயைவிட மெஷின் வாய் பெரிதாகிவிட்டது. அவள் கண் கலங்கியது மெஷினுக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்க அதற்கு ஸ்ட்ரிப் கிடையாது.

"இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

அவர் ஸ்ட்ரிப் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

சர்க்கரை ரொம்ப ஏறினால் மருந்தைக் கூட்டிப் போடச் சொல்லி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நாச்சிமுத்து பயந்து போயிருந்தார். இன்சுலினைக் கூட்டியே போட்டார். பொண்டாட்டி மேல் அவ்வளவு உயிர். "இன்னைக்குச் சோறு கொஞ்சமாச் சாப்பிடு" என்று தட்டில் ஒரு கரண்டி வைத்தார். பஞ்சாமிர்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் எதிர்வீட்டில் கொடுத்தார். "எடுத்து வெச்சுக்க தாயி. இங்கே இருந்தா இவ கை சும்மா இருக்காது."

பூங்கோதைக்கு முகம் சுண்டிப்போயிற்று. வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தெய்வாத்தாளுக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளங்கை சில்லிட்டது.

"படபடன்னு வருதுங்க. எதையாச்சும் குடுங்க, வாயிலே போட."

"சர்க்கரை ஏறிக் கெடக்குது, இப்பப் போயிக் கேக்கறியே? மருந்து வேலை செய்யுது. படு."

மோதிர விரல் துடித்தது. "அண்ணா, மெஷின் அண்ணா! நீ சொல்லு. நீ சொன்னா அவர் கேப்பாரு."

"ஸ்ட்ரிப் இல்லாம நான் வெறும் டப்பா" என்றது மெஷின். அதன் முகம் இருட்டாக இருந்தது.

"அப்போ மட்டும் அவ்வளவு தைரியமாச் சொன்னியே?"

"சொன்னதை நான் சொன்னேன். நம்பினது அவங்க. இன்னொரு ஸ்ட்ரிப் இருந்திருந்தா என்னை நானே மறுத்திருப்பேன். வசதி இருக்கிற வீட்டுல நான் ரெண்டு தடவை பேசுவேன். இங்கே ஒரு தடவை பேசினதே தீர்ப்பாப் போச்சு."

விரல் அழுதது. நுனியில் இன்னும் துளி வெல்லம் காய்ந்து கிடந்தது. "அம்மா, என்னை வாயில் வைம்மா. என் மேலே கொஞ்சம் இருக்குது. என்னை வாயில் வை" என்று கெஞ்சியது. தெய்வாத்தாள் அந்தக் கையை எடுத்தாள். தூக்கினாள். வாய்க்குப் போகவில்லை. சுவரில் இருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிடப் போனாள். பாதியில் கை விழுந்தது.

நாச்சிமுத்து பூங்கோதையைத் துணைக்குக் கூப்பிட்டுவிட்டு, மறுபடி பார்த்துவிடலாமென்று மருந்துக்கடைக்கு ஓடினார்.

"ஸ்ட்ரிப் ஒண்ணே ஒண்ணு குடுங்க தம்பி. அவசரம்."

"டப்பாவாத்தானுங்க தருவோம். பிரிச்சுத் தர முடியாது."

"நாளைக்குப் பையன் அனுப்பிடுவான். ஒண்ணே ஒண்ணு. கடனா நெனைச்சுக்க."

"டப்பாவைப் பிரிச்சா மிச்சத்தை யாருங்க வாங்குவாங்க? காத்துப் பட்டாக் கெட்டுப்போயிருமுங்க."

கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் பிரிக்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பூங்கோதை தெய்வாத்தாளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். கண் செருகியிருந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே நர்ஸம்மா மோதிர விரலைத்தான் பிடித்தாள். பிடித்தவள் நின்றாள். "என்னங்கய்யா, விரலெல்லாம் பிசுபிசுன்னு இருக்குது? எதைத் தொட்டாங்க?" என்று ஈரப் பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். பஞ்சு பழுப்பாகிவிட்டது. பிறகு குத்தினாள். ரத்தத்துளி இந்த முறை தனியாக வந்தது. கலப்பில்லாமல் பேசியது. ஆனால் குரலே எழும்பவில்லை.

"சர்க்கரையே இல்லீங்களே! வீட்டில பார்க்கலையா?" என்று கத்திக்கொண்டே அவள் குளுக்கோஸுக்கு ஓடினாள்.

நாச்சிமுத்து அந்தப் பழுப்புப் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கை தானாகத் தோளுக்குப் போயிற்று. துண்டு அங்கேயே கிடந்தது. மார்க்கெட்டிலிருந்து வந்ததிலிருந்து அங்கேதான் கிடந்தது.

"தட்டைத் துடைக்கலையே" என்றார். "பூங்கோதை, நான் தட்டைத் துடைக்கலையே தாயி."

பூங்கோதைக்கு அது புரியவில்லை. விரலுக்குப் புரிந்தது.

குளுக்கோஸ் ஏறியது. தெய்வாத்தாள் கண் திறக்கவில்லை. ரெண்டு நாள் அப்படியே கிடந்தாள். அந்த ரெண்டு நாளும் நாச்சிமுத்து அவள் மோதிர விரலைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ திங்கலை. நீ திங்கலைன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்திரி தெய்வா" என்றார். விரல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் சொல்ல ஆசைதான். ஆனால் அதற்குள் அது குளிர்ந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் கூரியர்க்காரர் ஒரு பார்சலை வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே புது டப்பா. நிறைய ஸ்ட்ரிப். ஒவ்வொன்றும் பேசத் தயாராக இருந்தது. அலமாரியிலிருந்து மெஷின் பார்த்தது. யாரும் பையைத் திறக்கவில்லை.

கலாமணி இதோடு நிறுத்திவிட்டு அவரைக்காயைக் குனிந்து உரிக்கத் தொடங்கினாள்.

கேட்டவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். உங்கள் வீட்டில் யாராவது சர்க்கரை பார்க்க விரலை நீட்டினால், முதலில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். பிரசாதம் தொட்ட கையானாலும் ஊற்றுங்கள். சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.