கொக்கு நின்ற தரைப்பாலம்

ஒரு காட்டில் கீரி ஒன்று வேன் ஓட்டிப் பிழைத்து வந்தது. ஹாரன் அடிக்கத் தெரிந்த அளவுக்கு அதற்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது. எங்கே போவதாக இருந்தாலும் அதற்கு அவசரம்தான்.

அது ஐப்பசி மாதம். விடாமல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் ஒரு பெண்மான் தன் குட்டியோடு பதறிக்கொண்டு வந்தது. குட்டிக்குக் காய்ச்சல். உடம்பு கொதித்தது.

"அண்ணே, ஆத்துக்கு அந்தப் பக்கம் கரடி வைத்தியர் வீட்டுக்குப் போகணும். குட்டி கண்ணே திறக்க மாட்டேங்குது!" என்றது மான்.

"ஏறுங்க அக்கா! பறந்துட மாட்டேன்?" என்றது கீரி.

அப்படியேதான் பறந்தது. கண்ணாடியில் மழை வழிந்தது. அதைத் துடைக்கும் வைப்பரோ பாதியில் நின்று நின்று யோசித்தது. ஒரு வளைவில் வண்டி வழுக்கி, சேற்றை வாரியடித்துக்கொண்டு மூங்கில் புதர்வரை போய்த் திரும்பியது.

"அண்ணே, கொஞ்சம் மெதுவா!"

"மெதுவாப் போனா குட்டிக்குக் காய்ச்சல் இறங்கிடுமா?"

பாவம், வேகமாகப் போனாலும் மானுக்குப் பயம், தாமதமானாலும் பயம். குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டது.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் போனால் உயரமான பெரிய பாலம். ஆனால் சுற்று. நேரே போனால் ஆற்றோடு ஒட்டிக் கிடக்கும் தரைப்பாலம். கீரி வலப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தரைப்பாலத்தின் மேல் செந்நிற வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் இரண்டு ஓரத்திலும் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்கும். அவை முழுகிவிட்டால் யாரும் இறங்கக் கூடாது என்பது அந்தக் காட்டின் கட்டுப்பாடு.

"அண்ணே, கல்லு ஒண்ணுகூடத் தெரியலையே! திரும்பிடலாம்!" என்றது மான்.

கீரியும் வண்டியை நிறுத்தியது. அப்போது நட்டாற்றில் ஒரு வெள்ளைக் கொக்கு நிற்பது தெரிந்தது. பக்கத்தில் வெள்ளம் அடித்து வந்த கட்டை போல ஏதோ ஒன்று கறுப்பாகத் தெரிந்தது.

அந்தக் கொக்கு கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

கீரி தலையை வெளியே நீட்டிக் கத்தியது. "கொக்கே! தண்ணி உனக்கு எதுவரைக்கும் இருக்கு?"

"பாதம் நனையுது," என்றது கொக்கு.

"கேட்டீங்களா அக்கா? கொக்குக்கே பாதம்தானாம்! நம்ம வண்டிக்கு இதெல்லாம் ஒரு தண்ணியா?"

மான் வேண்டாம் வேண்டாம் என்று கத்துவதற்குள் கீரி வண்டியை இறக்கிவிட்டது.

முதலில் பாதிச் சக்கரம் முழுகியது. அடுத்துக் கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. எஞ்சின் இருமி இருமி நின்றுபோனது. கீரி பிரேக்கை மிதித்தது. மிதித்து என்ன பயன்? சக்கரம் தரையிலேயே இல்லை. வண்டி மிதந்து, கொக்கு நின்ற பக்கமாக மெல்லச் சாய்ந்து போய் எதன் மீதோ இடித்தது.

அந்தக் கறுப்புக் கட்டை தலையைத் தூக்கியது. அதற்கு இரண்டு கண்கள் இருந்தன, இரண்டு கொம்புகளும் இருந்தன.

"யாருப்பா அது, என் விலாவுல இடிக்கிறது?" என்று கேட்டது எருமை.

கொக்கு இவ்வளவு நேரமும் அதன் முதுகின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது!

"அடப்பாவி! எருமை மேல நிக்கிறேன்னு ஏன் சொல்லல?" என்று அலறியது கீரி.

"நீ கேக்கலையே," என்று சொல்லிவிட்டுக் கொக்கு பறந்து போனது.

மான் சன்னல் வழியாகக் குட்டியை எருமையின் முதுகில் தள்ளியது. தானும் குதித்து, அதன் கழுத்தில் தொற்றிக்கொண்டது. கீரி எருமையின் வாலைப் பிடித்தது. வண்டி ஒரு முறை புரண்டது. அதன் முகப்பு விளக்கு தண்ணீருக்கடியில் கொஞ்ச தூரம் மினுங்கிக்கொண்டே போய் அணைந்தது.

எருமை மெல்ல மெல்ல அவர்கள் வந்த கரையிலேயே ஏறியது. மான் குட்டியை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. குட்டியின் மூச்சு சூடாக வந்துகொண்டிருந்தது. உயிர் இருக்கிறது, அது போதும் என்று அழுதது.

பிறகு எல்லோரும் வந்த வழியே திரும்பி, வலப்பக்கப் பாதையில் நடந்தார்கள். எருமை ஒருநாளும் அவசரப்பட்டது கிடையாது, அன்றும் அவசரப்படவில்லை. ஆனாலும் வெளிச்சம் இருக்கும்போதே பெரிய பாலத்தைக் கடந்துவிட்டார்கள். எதிரே கரடி வைத்தியரின் வீடு தெரிந்தது.

எருமையின் முதுகில் கிடந்த குட்டி மெல்லக் கண் திறந்து திரும்பிப் பார்த்தது.

"அம்மா, பாலம் இவ்வளவு பக்கத்துலயா இருந்துச்சு?"

வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்து வந்த கீரி தலை நிமிரவே இல்லை.

நீதி: பாலத்தின் மேல் வெள்ளம் ஓடினால் ஆழத்தை ஊகித்து வண்டியை இறக்காதே, சுற்று வழியானாலும் பத்திரமான வழியில் போ.