பரணுக்குக் கீழே ஆறு அங்குலம்

"இடமே இல்லைங்க அம்மணி. நான் என்ன பண்றது?" என்றார் குப்பண்ணன்.

சங்கமேஸ்வரி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலில் குரு அவள்தான். வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்துமூன்று. இருபத்தெட்டு வருஷம் ஷட்டர் வெல்டிங் பார்த்த மனுஷன். பவானியில் ஆளாளுக்குக் கார் ஷெட் ஷட்டருக்கு மோட்டார் மாட்ட ஆரம்பித்ததும், வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவளிடம் தொழில் கற்க வந்தார். நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவன் எவனும் அவர் வீட்டுக்கு அரிசி வாங்கிப் போடவில்லை.

"மூணு தடவை அளந்துட்டனுங்க. வலது பக்கம் மாடிப்படி இடிக்குது. இடது பக்கம் ஷட்டருக்கு மேல, பரணுக்குக் கீழ ஆறு அங்குலம்தான் இருக்குது. மோட்டாருக்குப் பதினாலு வேணும். ஆகாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யார்கிட்டச் சொன்னீங்க?"

"அவங்க அண்ணன்கிட்ட. தங்கமான மனுசன். காப்பியெல்லாம் குடுத்தாரு."

"மோட்டார் கேட்டது அவரா?"

குப்பண்ணன் தலையைச் சொறிந்தார். கேட்டது தங்கச்சி. அந்தம்மா உள்ளே இருந்தார். இவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சங்கமேஸ்வரி டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"வண்டியை எடுங்கண்ணா."

*

பூங்கோதைக்கு நாற்பத்தாறு வயது. மூன்று வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் ஒரு கையில். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஷெட்டுக்குள்ளே. அண்ணன் குமரேசனின் பைக்கும் அங்கேயேதான்.

ஸ்கூட்டரை அந்தம்மா நன்றாக ஓட்டுவார். குனிந்து ஷட்டரைத் தூக்கத்தான் முடியாது.

"ஆகாதுன்னுதான் சொல்லிட்டுப் போனாரே, மறுபடி எதுக்கு வந்தீங்க?" என்றார் குமரேசன். "இவளுக்கு வெளிய போகணும்னா நான் தூக்கிவிட மாட்டேனா? ஒரு குரல் கொடுத்தாப் போதும்."

"முந்தாநாள் ஏழு குரல் கொடுத்தேன்," என்றார் பூங்கோதை.

"அசந்து தூங்கிட்டேன், அதுக்கென்ன இப்ப?"

"திங்கக்கிழமை பஸ் ஸ்டாண்டுல என் ஜெராக்ஸ் கடை திறக்குது. ஏழு மணிக்கு நான் அங்க இருக்கணும். நீ எந்திரிச்சாத்தான் எனக்கு விடியும்னா, நான் எப்பக் கடை திறக்கறது?"

குமரேசன் சங்கமேஸ்வரியைப் பார்த்தார். "இடமில்லாம என்னங்க பண்ணுவீங்க?"

அவள் டேப்பை எடுக்கவே இல்லை. ஏணியைச் சாத்தி ஏறினாள். பரணில் சாக்குப் போட்டு மூடியிருந்ததை விரல் முட்டியால் தட்டினாள்.

ணங்கென்றது.

"இதுல என்ன இருக்குது?"



குப்பண்ணனுக்குத் தெரியும். அளக்க ஏறியபோதே சாக்கு விலகிப் பித்தளை தெரிந்தது. அண்டா, குண்டா, குடம், குத்துவிளக்கு. பெண் பிறந்த வீட்டில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கிற சீர்ப் பாத்திரம். கல்யாணம் கூடிவராத வீட்டில் அதை யாரும் இறக்க மாட்டார்கள். இறக்கினால் இனிக் கல்யாணமே இல்லையென்று ஆகிவிடுமே. அந்த நினைப்பில்தான் அவர் பரணின் அடிப்பலகை வரை மட்டும் அளந்து, டேப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க," என்றார் குமரேசன். "எங்கம்மா சிறுகச் சிறுகச் சேர்த்தது. இவளுக்கு ஒரு நல்லது நடக்காமயா போயிரும்?"

பூங்கோதை ஊன்றுகோலை ஊன்றி ஏணிக்கடியில் வந்து நின்றார். அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"அது யாரோட சீருண்ணா?"

"உன்னோடதுதான்."

"அப்ப நான் சொல்றேன். இறக்குங்க."

"பூவு, இறக்கி எங்க வைக்கிறது?"

"அண்டாவுல தண்ணி ஊத்திக் கடை வாசல்ல வெக்கிறேன். வர்ற பசங்க குடிக்கட்டும். விளக்கைத் திங்கக்கிழமை காலைல நானே ஏத்தறேன். மிச்சத்துல சோறாக்கித் தின்னலாம். இதுக்கு மேல என்ன நல்லது நடக்கணும்?"

குமரேசன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

சங்கமேஸ்வரி ஏணியை விட்டு இறங்கி, குப்பண்ணனைப் பார்த்தாள்.

குப்பண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். ஒவ்வொரு பாத்திரமாக இறக்கினார். அவர் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு சாக்கு மூட்டை இருக்கிறது.

கடைசிக் குடமும் இறங்கியது. பலகையைக் கழற்றி, பரணைத் தாங்கிய இரும்பு ஆங்கிளை அறுத்தார்.

"இப்ப அளங்கண்ணா," என்றாள் சங்கமேஸ்வரி.

முப்பத்திரண்டு அங்குலம்.

சாயங்காலம் நாலு மணிக்கு, மோட்டார் மாட்டிய ஷட்டர் தானாக ஏறியது. பூங்கோதை ஸ்கூட்டரில் உட்கார்ந்து, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடி போனார். மறுபடி வந்தார். கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

மோட்டார்ப் பெட்டியில் இரண்டு ரிமோட் இருந்தன. சங்கமேஸ்வரி இரண்டையும் பூங்கோதையிடம் கொடுத்தாள்.

குமரேசன் கையை நீட்டினார். "ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். என் பைக்கும் உள்ளதான நிக்குது."

பூங்கோதை இரண்டையும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

"பைக் வேணும்னா ஒரு குரல் கொடுண்ணா. போதும்."