பரண்மேல் ஓடக்காரர்

“அம்மா, ஒன்றே ஒன்றை என் நினைவிலிருந்து அழித்துவிடுங்கள்” என்றார் ஆதிமூலம்.

“எதை?” என்று கேட்டார் மங்களநாயகி அம்மை.

ஆதிமூலம் ஆற்றில் ஓடம் செலுத்தியவர். தம்பி சீராளனை வெள்ளம் கொண்டுபோன பிறகு, துடுப்பைத் துறையிலேயே போட்டுவிட்டு, மலைச்சரிவில் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்தின் தலைவியான அம்மையைவிட வயதில் மூத்தவர். ஆயினும் அவருக்குச் சீடர்.

“தம்பியின் கை, அம்மா. நீருக்குமேல் அது மட்டும் தெரிந்தது. கண்ணை மூடினாலும் அந்தக் கைதான். திறந்தாலும் அந்தக் கைதான். அவன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், வர மறுக்கிறது. தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு முகமே இல்லாமல் போய்விட்டது.”

அம்மை அவருடைய கண்களைக் கவனித்தார். அவை எங்கோ ஓரிடத்தில் குத்திட்டு நின்றன.

“ஓடம் செலுத்தும்போது எங்கே பார்ப்பீர்கள்?”

“எதிர்க்கரையில் ஒரு மருதமரத்தை. கரை சேரும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்பா அடித்துச் சொல்லிக்கொடுத்த தொழில்.”

“அன்றைக்கு?”

ஆதிமூலம் தலை குனிந்தார்.

“அன்றைக்கும் மரத்தைத்தான் பார்த்தேன். வெள்ளத்தில் வந்த கட்டை ஓடத்தில் மோதியது. பின்னால் நின்று நீர் இறைத்துக்கொண்டிருந்தவன் விழுந்தான். நான் திரும்பியபோது கை மட்டும் இருந்தது.”

“வாருங்கள்” என்று அம்மை எழுந்தார். “தினைக்குக் காவல் வேண்டும்.”

மடத்தின் தினைப்புனத்தில் கதிர்கள் முற்றி, கிளிகள் கூட்டமாக இறங்கியிருந்தன. அம்மை அவரைப் புனத்தோரத்துக் காவல் பரண்மேல் அமர வைத்தார்.

“தலையைத் திருப்பாதீர்கள். கண் மட்டும் கிளிகளோடு போகட்டும். வாய் அந்த நாளைச் சொல்லட்டும்.”

“சாவைச் சொல்லும்போது கிளியை வேடிக்கை பார்ப்பதா?”

“உங்கள் துக்கம் கிளிகளுக்குத் தெரியாது, ஐயா. தினை போய்விடும். சொல்லுங்கள்.”

அம்மை புனத்தின் நடுவே நின்று, துணி கட்டிய கழியை வீசினார். இடப்பக்கத்துக் கிளிகள் எழுந்து வலப்பக்கம் இறங்கின. மீண்டும் வீசினார். வலப்பக்கத்துக் கிளிகள் இடப்பக்கம் பறந்தன.

ஆதிமூலம் சொல்லத் தொடங்கினார். கட்டை மோதிய இடம் வந்ததும் அவருடைய கண்கள் நின்றுவிட்டன.

“கிளி எங்கே?” என்று அம்மை அதட்டினார்.

“கை தெரிகிறது, அம்மா.”

“தெரியட்டும். கிளி எங்கே?”

“வலப்பக்கம்.”

“இப்போது?”

“இடப்பக்கம்.” அவர் அழுதார். கண்ணீருக்குள் பச்சை பச்சையாகக் கிளிகள் போயின, வந்தன.

“அதற்குப் பின்?”

“அதற்குப் பின் ஒன்றும் இல்லை.”

“அதற்கு முன்?”

அவருடைய கண்கள் கிளிகளோடு இடமும் வலமுமாகப் போய் வந்தன.

“அன்று காலையில் துறையில் அமர்ந்து பழைய சோறு தின்றோம்” என்றார் ஆதிமூலம் மெல்ல. “என் பங்கு வெங்காயத்தையும் அவனே எடுத்துக்கொண்டான். ‘எங்கேடா என் வெங்காயம்?’ என்றேன். ‘துடுப்புப் பிடிக்கிற ஆளுக்கு வெங்காயம் எதற்கு, அண்ணா? கண் கலங்கினால் மரம் இரண்டாகத் தெரியும். எந்த மரத்துக்கு ஓட்டுவாய்?’ என்றான், திருட்டுப் பயல். வாய் நிறைய அடக்கிக்கொண்டு சிரித்தான்.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அம்மா, அவனுக்குப் பல் உடைந்திருக்கும்! சிரித்தால் கன்னம் ஒருபக்கமாக ஏறும்!”

அம்மை கழியைக் கீழே போட்டுவிட்டுப் பரணுக்கு அருகில் வந்து அமர்ந்தார். கிளிகள் கூட்டமாகத் தினையில் இறங்கின.

“அம்மா, கிளி!” என்று பதறினார் ஆதிமூலம்.

“தின்னட்டும். பல் எப்படி உடைந்தது?”