சுருளியும் குளக்கரைப் பச்சையும்

மழை பொய்த்துப்போன ஒரு காட்டில், குழந்தைகளே, சுருளி என்றொரு வரையாடு இருந்தது. எவ்வளவு செங்குத்தான பாறையாக இருந்தாலும் விறுவிறுவென்று ஏறிவிடும். தன் கால்களைப் பற்றி அதற்கு அவ்வளவு பெருமை!

மலைமேல் புல்லெல்லாம் காய்ந்துபோனது. சுருளி பசியோடு அடிவாரக் குளத்துக்கு இறங்கி வந்தது. அங்கே கிழட்டுச் செந்நாய் ஒன்று படுத்திருந்தது. அதைக் கண்டதும் சுருளி சட்டென்று ஒரு பாறைமேல் தாவியது.

"பயப்படாதே தம்பி," என்றது செந்நாய். "உன்னைத் துரத்துகிற வயசா எனக்கு? பசிக்கிறதா? கரையைப் பார், எவ்வளவு பச்சை!"

குளக்கரை முழுவதும் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடந்தது. விடியலில் புனல்போல விரியும் ஊதாப்பூ. ஒடித்தால் பால் வடியும் தண்டு.

"இதை யாரும் தின்பதில்லையே?" என்று கேட்டது சுருளி.

"ருசி தெரியாதவர்கள் தின்னமாட்டார்கள்."

சுருளி ஓர் இலையைக் கடித்தது. கசந்தது. ஆனாலும் பசி விடவில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுக் காத்திருந்தது. வாந்தி இல்லை, வலியும் இல்லை.

"பார்த்தாயா? ஒன்றுமே ஆகவில்லை!" என்று, தன் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனாவிடம் சொன்னது.

மறுநாளும் தின்றது. அதற்கடுத்த நாளும் தின்றது. கசப்பே அதற்குப் பிடித்துப்போனது. மழை பெய்து மலைமேல் புல் துளிர்த்த பிறகும் அதன் மனம் குளக்கரையையே சுற்றியது. அந்த இலையில் இருக்கும் நஞ்சு அப்படிப்பட்டது. உடனே கொல்லாது. தின்றவரை மறுபடி மறுபடி வரவழைத்து, மெல்ல மெல்ல நரம்பைத் தளர்த்திவிடும்.

செந்நாய் பொறுமையாகப் படுத்திருந்தது. நாளுக்கு நாள் சற்று நெருங்கிப் படுத்தது.

ஒரு காலை, சின்னப் பாறை ஒன்றில் ஏறப்போன சுருளி சறுக்கி விழுந்தது. எழுந்து நின்றபோது தலை தானாக ஆடியது.

"பாறை ஈரம்," என்றது சுருளி.

"பாறை காய்ந்துதான் கிடக்கிறது. உன் கால்தான் நடுங்குகிறது," என்றது மைனா. "நீ விழுந்ததும் அந்தச் செந்நாய் துள்ளி எழுந்ததே, கவனித்தாயா?"

சுருளி திரும்பிப் பார்த்தது. செந்நாயின் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. 

உடனே சுருளி மலையேறத் தொடங்கியது. விழுந்தது, எழுந்தது, முட்டி சிராய்த்தது. எப்படியோ உயரப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அந்தச் செடி இல்லை. புல் இருந்தது. ஆனால் புல் வாய்க்குள் மண்ணாக இருந்தது.

"ஒரே ஓர் இலை. தின்றுவிட்டு வந்துவிடுகிறேன்," என்று கெஞ்சியது சுருளி.

"முதலில் இந்தப் புல்லைத் தின்று முடி. பிறகு பேசலாம்," என்றது மைனா. இப்படியே பேசிப் பேசி நாட்களைத் தள்ளியது. சுருளியின் கால் நடுக்கமும் மெல்ல மெல்லக் குறைந்தது.

காத்திருந்து அலுத்துப்போன செந்நாய், மூச்சு வாங்க மலையேறி வந்தது. அந்தக் குளக்கரைச் செடியின் இலைக்கொத்து ஒன்றை வாயில் கவ்வியிருந்தது. சுருளி நின்ற பாறைக்குக் கீழே அதை வைத்தது.

"தம்பி, உனக்காகத்தான் சுமந்து வந்தேன். இறங்கி வா."

வாசம் மூக்கில் ஏறியது. சுருளியின் நாக்கு ஊறியது. ஒரு கால் முன்னே போயும்விட்டது. அப்போதுதான் சுருளி யோசித்தது: 'கறி தின்கிற வாய்க்கு, எனக்கு இலை ஊட்டுவதில் இத்தனை அக்கறை ஏன்?'

"கால் தள்ளாடுகிறது, பெரியவரே," என்று வேண்டுமென்றே ஆடிக் காட்டியது. "நீங்களே கொஞ்சம் மேலே கொண்டுவந்து கொடுங்களேன்."

செந்நாய் இலையை மறந்துவிட்டுப் பாய்ந்தது. சுருளி நான்கு கால்களையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தி, முட்டியது ஒரு முட்டு! செந்நாய் உருண்டு உருண்டு முள்புதரில் போய் விழுந்தது. ஊளையிட்டபடி ஓடியது, பிறகு அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

சுருளி அந்த இலைக்கொத்தைக் காலால் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் புல்லைக் கடித்தது.

"அட! இன்றைக்குப் புல் இனிக்கிறதே!"

"நேற்றும் இதே புல்தான்," என்று சிரித்தது மைனா.

இளவெயில் இதமாகக் காய்ந்தது. சுருளி நிதானமாக அசைபோட்டுக்கொண்டே அடுத்த பாறைக்குத் தாவியது.

நீதி: உடனே கெடுதல் செய்யவில்லை என்பதால் நஞ்சு உணவாகிவிடாது, ஆசை இழுக்கும்போதே விலகி நிற்பவர் பிழைத்துக்கொள்வார்.