சம்பூரணத்தம்மா வீட்டு இட்லிக் குண்டான்

படுத்தாச்சா பொம்மி? காலை மடக்கு. அத்தை மேல போடாத, தின்ன சோறே எனக்கு நெஞ்சு வரைக்கும் நிக்குது. வெளிய அவங்க சீட்டாடிக்கிட்டு கத்தினா கத்தட்டும், உனக்கென்ன? இப்போ ஒரு தூக்கம் போட்டாத்தான் சாயங்காலம் தேர் பாக்க முழிச்சிருப்ப. கதை வேணும்னா ஒழுங்கா 'ம்' கொட்டணும். நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு டிரில் வாத்தியாரு இருந்தாரு. ரிட்டயர் ஆனவரு. பேரு தீர்த்தகிரி. அவரு சம்சாரம் பேரு சம்பூரணம். ஊர் பேரு எதுக்கு உனக்கு? ஒரு சின்ன டவுனு. ஒரு பஸ் ஸ்டாண்டு, ரெண்டு பேக்கரி, மூணு நகைக்கடை, அவ்ளோதான்.

அந்த வாத்தியாரு வேலையில இருந்தப்போ பீ...ப்னு ஒரு விசில் ஊதினா எண்ணூறு புள்ளைங்க அசையாம நிக்குமாம். ஹெட்மாஸ்டரே ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் நடப்பாராம். அப்பேர்ப்பட்ட ஆளு. ஆனா வீட்டுல? பெத்த புள்ளைங்க மூணு. அதுங்க முன்னாடி மனுசனுக்கு வாயே திறக்காது. வீரமெல்லாம் ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே முடிஞ்சு போச்சு.

"ம்."

காலையில அஞ்சரைக்கு ரெண்டு பேரும் எந்திரிப்பாங்க. அவரு கிரவுண்டை நாலு சுத்து சுத்திட்டு வருவாரு. அதுக்குள்ள அந்தம்மா இட்லி ஊத்தி வெச்சிடும். ஏன் இட்லி? அவருக்கு மேல் பல்லு பூராவும் போச்சு. பல்செட்டு கட்டினாங்க, ஈறு நோவுதுன்னு கழட்டி டப்பாவுல போட்டுட்டாரு. அதனால காலையில நாலு இட்லி, ராத்திரி மூணு இட்லி, மத்தியானம் குழைச்ச சோறு. இட்லி இல்லேன்னா அந்த மனுசன் ரெண்டு வேளை பட்டினி. அதை ஞாபகம் வெச்சுக்க.

அப்புறம் பேப்பர் வரும். முன்பக்கம் அவருக்கு, ராசிபலன் அந்தம்மாவுக்கு. மத்தியானம் ஃபேனை மூணுல வைக்கறதா நாலுல வைக்கறதான்னு ஒரு சண்டை. சாயங்காலம் கீரைக்காரிகிட்ட ஒரு சண்டை. இப்படி நிம்மதியாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. வருசத்துல மூணு தடவை மட்டும் நிம்மதி இல்ல. அப்போதான் புள்ளைங்க வரும்.

மூத்தவன் குணாளன், சென்னையில பேங்கு மேனேஜரு. நடுவுல தமயந்தி, பெங்களூர்ல. கடைசி சுதாகரு, கோயம்புத்தூர்ல. ஆளுக்கொரு காரு, ஆளுக்கொரு பெரிய வீடு. வந்தா சமையக்கட்டைப் பொறுப்பா எட்டிப் பாப்பாங்க. எதுக்கு? ஒத்தாசைக்கா? சட்டியைத் திறந்து மோந்து பாக்கறதுக்கு. "அம்மா கைப்பக்குவமே தனிம்மா"ன்னு ஒரு பாட்டு வேற. பாடிட்டு ஹாலுக்குப் போயி போனை எடுத்துக்கிட்டு சாஞ்சிடுவாங்க. எழுபது வயசு அம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வடை சுடும். இதுக்குப் பேரு குடும்பம் ஒண்ணு கூடறதாம். தூ!

"அத்தை, துப்பாத."

சரி, துப்பல. கேளு. கிளம்பும்போது அந்தம்மா கட்டிக் குடுக்கணும். அது அந்த வீட்டு வழக்கம். புளிக்காய்ச்சல், எள்ளுப் பொடி, முறுக்கு, மீந்த குழம்பு, எல்லாம். ஆனா எவனும் பாத்திரம் கொண்டாரமாட்டான். "அம்மா, அந்தத் தூக்குல போட்டுக் குடு, அடுத்த தடவை வரப்போ கொண்டாறேன்." இப்படித்தான் மூணு பேரும். பொங்கலுக்குத் தூக்கு போச்சு. காதுகுத்துக்கு அடுக்கு போச்சு. தீபாவளிக்கு முறுக்கு டின்னு, கடகடகடன்னு டிக்கியில ஏறிப் போச்சு. போனது போனதுதான்.

அந்தம்மா லேசுப்பட்ட ஆளா? ஒரு பாத்திரம் வாங்கினா வீட்டுக்குக்கூட கொண்டாராது. கடையிலயே மெஷினை வெச்சு ட்ர்ர்ர்ர்னு அடியில பேர் வெட்டிடும். 'தீ. சம்பூரணம்'. தெருவுல எந்த விசேஷத்துக்கு இரவல் போனாலும் பேரைப் பாத்துத் திருப்பிக் குடுத்துடுவாங்க. தெருக்காரங்க குடுத்தாங்க. பெத்ததுங்கதான் குடுக்கல.

பத்து வருசத்துல அலமாரி காலி. மிச்சம் என்ன? ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், ஒரு குக்கரு, ஒரு பால் பாத்திரம், ஒரு இட்லிக் குண்டான். அதுக்கும் மூடி இல்ல, மூடி ஆறு வருசத்துக்கு முன்னாடியே பெங்களூர் போயிடுச்சு. சோத்துத் தட்டைக் கவுத்துத்தான் அந்தம்மா ஆவி கட்டும். விருந்துன்னா பக்கத்து வீட்டு ரஹமத்தம்மாகிட்ட போயி இரவல் கேக்கணும். ஒரு காலத்துல தெருவுக்கே இரவல் குடுத்த வீடு அது.

"ம்..."

அப்போ அந்தம்மா சொல்லுச்சு, "என்னாங்க, இந்தக் குண்டானும் போச்சுன்னா உங்களுக்கு இட்லிக்கு நான் எங்க போவேன்? பாத்திரத்தைத் திருப்பிக் கேளுங்க."

வாத்தியாரு நெஞ்சை நிமித்திக்கிட்டு குணாளனுக்குப் போன் போட்டாரு. ட்ரிங் ட்ரிங்.

"என்னப்பா, சுகர் செக் பண்ணீங்களா?"

"பண்ணேன்பா."

"வாக்கிங் போறீங்களா?"

"போறேன்பா."

"மாத்திரை?"

"சாப்பிடறேன்பா."

"சரிப்பா, மீட்டிங் இருக்கு." டொக். வெச்சுட்டான். எண்ணூறு புள்ளைங்களை ஆட்டிப் படைச்ச வாத்தியாரு போனைக் கையில வெச்சுக்கிட்டு முழிக்கிறாரு. "கேட்டீங்களா?"ன்னுச்சு அந்தம்மா. "கேக்கறதுக்குள்ள அவனுக்கு மீட்டிங்கு வந்துடுச்சு"ன்னாரு. மீட்டிங்காம்!

அப்புறம் அந்தம்மா தானே கிளம்பி பஸ் ஏறி பெங்களூர் போச்சு. தமயந்தி வீட்டு பால்கனியில போயி நின்னுச்சு. அங்க என்ன இருந்துச்சு தெரியுமா? காதுகுத்துக்குப் போன அடுக்கு. அடியில ஆணி வெச்சு டங்கு டங்குன்னு ஓட்டை போட்டு, மண்ணு ரொப்பி, கத்தாழை நட்டு வெச்சிருக்கா அந்த மகராசி. அந்தம்மா "இது..."ன்னு வாயெடுத்துச்சு. "நல்லா வளந்திருக்கில்ல? உனக்கும் ஒரு கண்ணு தரேம்மா"ன்னு சொல்லி ஒரு கத்தாழையைப் பிடுங்கி நியூஸ் பேப்பர்ல சுத்திக் கையில குடுத்துட்டா. அடுக்கு கேக்கப் போன அந்தம்மா கத்தாழையோட திரும்பி வந்துச்சு. புள்ளைங்ககிட்ட வாய் செத்த பொழப்பு!

மூணாவது தடவை ரெண்டு பேரும் சேந்து உக்காந்து, கண்ணாடி போட்டுக்கிட்டு, குடும்ப குரூப்புல எழுதினாங்க. ஒரு மணி நேரம் ஆச்சு. 'அன்புள்ள பிள்ளைகளுக்கு, பாத்திரங்களைத் திருப்பித் தரவும், அம்மாவுக்குச் சமைக்கக் கஷ்டமாக உள்ளது.' டிங். குணாளன் ஒரு கட்டை விரல் போட்டான். டிங். தமயந்தி ரெண்டு கையைக் கும்பிட்டா. டிங். சுதாகரு ஒரு ரோஜாப்பூ படம் போட்டு 'இனிய காலை வணக்கம்'னு அனுப்பிச்சான். அப்போ மணி சாயங்காலம் நாலரை. படிச்சிருந்தாத்தானே!

"இட்லிக் குண்டானும் போயிடுமா அத்தை?"

அதைத்தான் சொல்ல வரேன். அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி அம்பது வருசம் ஆச்சு. புள்ளைங்க மூணும் சேந்து விழா எடுத்தாங்க. வாசல்ல ஷாமியானா, கேட்டுல பேனரு, ரெண்டு பேரு கழுத்துலயும் ரோஜாப்பூ மாலை. எல்லாம் சரி, சமையல் யாரு? "வெளிய சொன்னா எண்ணெய் நல்லா இருக்காதும்மா. உன் வத்தக்குழம்பு இல்லாம என்ன விழா?" ஆக, கல்யாணப் பொண்ணும் அந்தம்மாதான், சமையக்காரியும் அந்தம்மாதான். விடிகாலையில எந்திரிச்சு, ரஹமத்தம்மா வீட்டுக் குண்டானை வாங்கியாந்து, இருபது பேருக்கு வடிச்சு, அதுக்கு மேல ஓடிப்போயி பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னுச்சு. வேர்வை மாலைக்குள்ள வழியுது. போட்டோக்காரன், "அம்மா, கொஞ்சம் சிரிங்க"ங்கறான்.

அப்புறம் பரிசு குடுத்தாங்க. சுதாகரும் அவன் பொண்டாட்டியும் ஜிகுஜிகுன்னு பேப்பர் சுத்தின ஒரு பெட்டியை வெச்சாங்க. சர்ர்ர்னு கிழிச்சா, உள்ள பளபளன்னு ஒரு எவர்சில்வர் தூக்கு. அது மேல புதுசா வெட்டியிருக்கு: 'அன்பளிப்பு, சுதாகர் குடும்பத்தினர்.' எல்லாரும் கை தட்டறாங்க. படபடபட. அப்போ தமயந்தி பொண்ணு, உன் வயசுதான், அவ அந்தத் தூக்கை வாங்கிக் கவுத்துப் பாத்தா. எழுத்துக் கூட்டிப் படிச்சா. "தீ... சம்... பூ... ரணம். ஆயா, உன் பேரு கீழயே இருக்கு!"

கை தட்டல் அப்படியே நின்னு போச்சு. பொங்கலுக்குப் போன தூக்கு! எந்தப் பாத்திரம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியாத அளவுக்கு அவங்க வீட்டுல குமிஞ்சு கிடக்கு. ஒண்ணை எடுத்து, தேச்சு, பேர் வெட்டி, பெத்தவளுக்கே அன்பளிப்பு! அடியைக் கவுத்துப் பாக்கக்கூட சோம்பேறித்தனம். சுதாகரு ஹிஹின்னு சிரிச்சான். "விடும்மா, காமெடி"ன்னான். உடனே எல்லாரும் சிரிச்சாங்க. வாத்தியாரும் சிரிச்சாரு, அதைக் கேளு! அந்தம்மா மட்டும் சிரிக்கல. தூக்கை இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள போயி பீரோவுல வெச்சுப் பூட்டிடுச்சு. அதுக்கு அழுகை வந்துச்சு. அழல.

"ம்... அப்புறம்?"

சாப்பாடு முடிஞ்சுது. மூணு காரும் கிளம்ப நிக்குது. தமயந்தி சமையக்கட்டுக்கு வந்தா. இப்படிப் பாத்தா, அப்படிப் பாத்தா. ஒரு பாத்திரமும் இல்ல. ரஹமத்தம்மாவோடதைக் கழுவித் திருப்பிக் குடுத்தாச்சு. குழம்பு, பாயசம் எல்லாம் குக்கர்லயும் பால் பாத்திரத்துலயும் இருக்கு. அப்போ அவ இட்லிக் குண்டானைப் பாத்தா. இட்லித் தட்டை எடுத்துக் கீழ வெச்சா, ணங்குன்னு. தண்ணியை ஜலதாரையில கொட்டினா, சளார்னு. "இதுல குழம்பு ஊத்திக்கறேம்மா. அடுத்த தடவை வரப்போ..."

அந்தம்மா புருசனைப் பாத்துச்சு. அவரு வாசப்படியில நின்னுக்கிட்டு ஃபேனைப் பாத்தாரு. ஃபேன்ல என்ன எழுதியிருக்கு? ஒண்ணும் எழுதல. அந்தம்மாவே போயி குண்டானோட காதைப் பிடிச்சுச்சு. "வெச்சிருடி"ன்னுச்சு.

"என்னம்மா?"

"வெச்சிரு. உங்கப்பா ராத்திரிக்கு என்னத்தைத் திம்பாரு?"

"பின்ன நாங்க எதுல எடுத்துட்டுப் போறது?"

"பாத்திரம் கொண்டாந்தீங்களா?"

மூணு பேரும் வந்து நின்னுட்டாங்க. "இல்லியே"ன்னான் குணாளன்.

"அப்போ கையை நீட்டு. நீ மூத்தவன், நீ முதல்ல வா."

அம்மா விளையாடுதுன்னு நெனச்சு அவன் சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் குவிச்சு நீட்டினான். அந்தம்மா கரண்டியை எடுத்து, ஆறின வத்தக்குழம்பை மொண்டு, டொபக்! அவன் கையில ஊத்திடுச்சு. இன்னொரு கரண்டி, டொபக்! சந்தனக் கலர் பட்டுச் சட்டை. விரல் இடுக்குல வழிஞ்சு, முழங்கைக்கு இறங்கி, சொட்டு, சொட்டு, சொட்டு. தமயந்தி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டா. சுதாகரு விறுவிறுன்னு காருக்கு ஓடிட்டான். பேங்கு மேனேஜரு மட்டும் நட்ட நடு வீட்டுல கை நிறையக் குழம்போட நிக்கறான். அந்த நேரம் பார்த்து பையில போன் அடிக்குது, டிடிங் டிடிங். எடுக்க முடியல. யாராவது எடுத்துக் குடுத்தாங்களா? எல்லாரும் அவன் கையைத்தான் பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

"இதை இப்போ என்னம்மா பண்றது?"ன்னான், அழுவுற மாதிரி.

"தின்னு. இல்லாட்டி கீழ விடு. உன் கை, உன் இஷ்டம்"னு சொல்லிட்டு அந்தம்மா குண்டான்ல தண்ணி புடிக்கப் போயிடுச்சு.

"அப்புறம் எல்லாப் பாத்திரமும் வந்துடுச்சா அத்தை?"

வரும்னு நெனச்சியா? உன் புத்தி நல்ல புத்தி, அதான் அப்படி நெனக்கிற. அந்தத் தூக்கைத் தவிர ஒண்ணுகூட வரல. அடுத்த பொங்கலுக்கு மூணு பேரும் மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொண்டாந்தாங்க. ரொப்பிக்கிட்டுப் போனாங்க. ரோசமிருந்தா டப்பாவைக் காலியா இல்ல கொண்டு போயிருக்கணும்?

அவங்க போனப்புறம் அந்தம்மா அடுப்பைப் பத்த வெச்சுச்சு. ஸ்ஸ்ஸ்ஸ்னு ஆவி கட்டுச்சு. மூணு இட்லியை எடுத்துத் தட்டுல வெச்சுச்சு. வாத்தியாரு ஒரு வாய் தின்னுட்டு, மெதுவா, "புள்ளைங்க பாவம் சம்பூரணம், டப்பாவாவது கொண்டாந்தாங்களே"ன்னாரு.

அந்தம்மா அவரை ஏற இறங்கப் பாத்துச்சு. "உங்க வாய்க்கு இட்லிதான் லாயக்கு. பேசாம தின்னுங்க"ன்னுச்சு.

அவரும் பேசாம தின்னாரு.

பொம்மி? ஏய் பொம்மி? 'ம்' காணோமே. சரி சரி, கதை அதோட அடங்குச்சு, நீயும் அடங்கித் தூங்கு.