இரண்டு கோடைகள் விடுபட்ட வேன்

முள்ளம்பன்றி அஞ்சுகமும் அவள் கணவன் சடையனும் ஒரு பழைய வேன் வாங்கப் புறப்பட்டார்கள்.

அந்தக் கோடையில் அடிவாரக் காட்டுக் குளம் வற்றிப்போயிருந்தது. மலை உச்சி ஏரியில் மட்டும்தான் தண்ணீர். யானைகள் நடந்தே போய்விட்டன. மான்கள் ஓடிப்போய்விட்டன. ஆமைகளும் முயல் குட்டிகளும் வயதானவர்களும் என்ன செய்வார்கள்? நாக்கு வறண்டு நிழலில் சுருண்டு கிடந்தார்கள்.

"நாம் ஒரு வேன் வாங்கி இவர்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தால் என்ன?" என்று கேட்டாள் அஞ்சுகம். அந்தக் காட்டில் அவளைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது.

காட்டோரத்தில் கோலப்பன் என்ற கரடி குடியிருந்தார். ஆற்றுக்கு அப்பால் இருந்த மேற்குக் காட்டிலிருந்து வந்தவர். அவரிடம் ஒரு பச்சை வேன் இருந்தது. கண் பார்வை மங்கிவிட்டதால் அதை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு விலையாக வரும் மழைக்காலம் முழுக்கச் சடையன் கிழங்கு தோண்டித் தந்தால் போதும் என்றார்.

அஞ்சுகம் லேசில் ஏமாறுகிறவள் அல்ல. டயரை அழுத்திப் பார்த்தாள். பானெட்டைத் திறந்து ஆயிலை மோந்து பார்த்தாள். பிறகு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினாள். அவள் முகம் மாறியது.

"அண்ணா, நடுவில் இரண்டு கோடைகளுக்குச் சர்வீஸ் பதிவையே காணோமே! அப்போது வண்டி எங்கே இருந்தது?"

கோலப்பன் மூக்கைச் சொறிந்தார்.

"வெள்ளத்தில் முழுகிக் கிடந்ததா? எதிலாவது மோதியதா? நான் அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் வண்டியே வேண்டாம்!" என்றவள் கணவனைப் பார்த்து, "வாங்க, போகலாம்!" என்றாள்.

"நில்லம்மா!" என்றார் கோலப்பன். "இதை நான் யாரிடமும் பேசியதில்லை. பேசினால் பெருமையடிக்கிற மாதிரி இருக்கும். அந்த முதல் கோடையில் மேற்குக் காடு தீப்பிடித்து எரிந்தது."

அஞ்சுகம் புத்தகத்தை மூடினாள்.

"வானமே தெரியவில்லை. பகலிலேயே இருட்டு. மரங்கள் வெடிக்கிற சத்தம் இடி போலக் கேட்டது. தப்பிக்க ஒரே ஒரு மண் பாதை. இரண்டு பக்கமும் தீ. நான் இந்த வேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்."

"தீக்குள்ளேயா?"

"தீக்குள்ளேதான்! கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டினேன். யார் யார் ஏறினார்கள் என்று பார்க்க நேரமில்லை. ஆற்றங்கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு சிறுத்தை உட்கார்ந்திருந்தது. அதன் குட்டி, பக்கத்தில் இருந்த புள்ளிமானின் முதுகில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மான் அசையவே இல்லை. குட்டி விழித்துவிடும் என்று அப்படியே இருந்தது!"

சடையன் வாயைப் பிளந்தான்.

"அடுத்த தடவை ஒரு நல்லபாம்பு ஏறியது. இடமில்லாமல் கியர் கம்பியில் சுற்றிக்கொண்டது. அதையும் சேர்த்துப் பிடித்துத்தான் கியர் போட்டேன். அது என்னைக் கடிக்கவில்லை. 'சீக்கிரம் போங்க, அண்ணா' என்று மட்டும் சொன்னது."

"எத்தனை தடவை போனீர்கள்?"

"யார் எண்ணினார்கள்? தரை கொதித்தது. வண்டிக்கு அடியில் தீக்கங்குகள் ஓடின. ஆனாலும் இது ஒரு முறைகூட நிற்கவில்லை, அம்மா! நின்றிருந்தால் உள்ளே இருந்த அத்தனை பேரும் சாம்பல். அடுத்த கோடை முழுக்க ஆற்றுக்கு இக்கரையிலிருந்து விதையும் புல்லும் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கரிக்காட்டில் கொட்டினோம். சர்வீஸ் யார் செய்வது? எங்கள் மெக்கானிக் குரங்கே மூட்டை முடிச்சோடு இந்த வண்டிக்குள்ளேதான் குடியிருந்தான். காடு மறுபடி துளிர்த்த பிறகுதான் அவன் ஆயில் மாற்றினான்."

அஞ்சுகம் மெதுவாகப் போய் வேனின் முகப்பில் கை வைத்தாள். பச்சைப் பெயின்டில் அங்கங்கே கொப்புளம் வெடித்த தழும்புகள் இருந்தன. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"அடியில் படுத்துப் பார்க்கவேண்டும் என்றாயே?" என்று சடையன் கிசுகிசுத்தான்.

"சும்மா இருங்க! நெருப்புக்கே பயப்படாத வண்டி இது! இதை நான் சோதித்துப் பார்ப்பதா? அது பெரிய பாவம்!"

அப்படியே வேனை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை முதல் பயணம். கோலப்பன் விருந்தாளியாக முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் சடையன், ஆமைகள், முயல் குட்டிகள், முயலளவே இருக்கும் ஒரு சருகுமான் தன் குட்டியோடு. வளைவுக்கு வளைவு வேன் முனகாமல் ஏறியது. உச்சியில் ஏரி தெரிந்ததும் எல்லாரும் மூச்சுவிட மறந்தார்கள். வானம் முழுதும் கீழே இறங்கிவந்து படுத்துக் கிடப்பதுபோல அவ்வளவு நீலம்! குட்டிகள் தண்ணீரில் முகம் புதைத்துக் குடித்தன. வாழ்நாளில் ஓர் இலையளவு நிழலைத் தாண்டிப் போகாத கிழட்டு ஆமை ஒன்று கரையில் உட்கார்ந்து அழுதது.

"எல்லாம் இந்த வேனின் புண்ணியம்!" என்றாள் அஞ்சுகம். கோலப்பன் பெருமையோடு தலையை ஆட்டினார்.

வயிறு நிறைந்ததும் எல்லாரும் வேனில் ஏறினார்கள். இறக்கம் தொடங்கியது. முதல் வளைவில் அஞ்சுகம் பிரேக்கை அழுத்தினாள். பிடித்தது. இரண்டாவது வளைவில் பலமாக அழுத்தினாள். "டப்" என்று அடியில் ஒரு சத்தம். பிரேக் மிதியோடு அவள் கால் வண்டியின் தரையைத் தொட்டது. வேன் நிற்கவில்லை!

அஞ்சுகத்தின் முட்கள் எல்லாம் சிலிர்த்து நின்றன. கோலப்பன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

"என்ன ஆயிற்று?"

"பிரேக் இல்லை, அண்ணா! பிள்ளைகளே, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்!"

ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கம்பி அறுந்து கையோடு வந்தது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்தாள். எஞ்சின் கதறியது. வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. எதிரே அடுத்த வளைவு. அதற்கு அப்பால் வெறும் வானம். வளைவின் ஓரத்தில் பெரிய மூங்கில் புதர் ஒன்று நின்றது. அஞ்சுகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்தாள்.

மூங்கில்கள் முறிந்தன. வளைந்தன. கடைசியில் பிடித்துக்கொண்டன. வேன் நின்றது.

பின் கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மேகம் மிதந்தது. மேகத்துக்கும் கீழே, எங்கேயோ ஆழத்தில், அவர்களுடைய காடு ஒரு பாசித் துணுக்குப் போலத் தெரிந்தது. சருகுமான் குட்டியைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டது. எவ்வளவு பெரிய மலை! எவ்வளவு சிறிய மூங்கில் புதர்!

அஞ்சுகம்தான் முதலில் அசைந்தாள். தரையில் படுத்து வேனின் அடியில் பார்த்தாள். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் காய்ந்த கொடி மாதிரி வெடித்துத் தொங்கியது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"இது இன்று வெடித்தது. ஆனால் வெந்தது அன்றைக்கே!" என்றாள் அவள்.

கோலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் எதையும் மறைக்கவில்லை, அம்மா. ஆயிலை மாற்றியதோடு சரி என்று இருந்துவிட்டேன். இந்த வண்டியைப் பற்றி அதற்கு மேல் நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை."

"நீங்கள் மறைக்கவில்லை, அண்ணா. அடியில் தீக்கங்குகள் ஓடின என்று உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். அந்தத் தீ இதை என்ன செய்தது என்று நான்தான் கேட்கவில்லை. பெருமையைக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன். இத்தனை குழந்தைகளையும் அதில் ஏற்றிவிட்டேன்!"

அவர்கள் நடந்தே இறங்கினார்கள். ஆமைகளைச் சடையனும் கோலப்பனும் தூக்கிக்கொண்டார்கள். பிறகு ஏரிக்குப் போயிருந்த யானைகள் வந்து வேனை மேலே இழுத்துவிட்டன. கோலப்பன் மேற்குக் காட்டுக்கு ஆள் அனுப்பி மெக்கானிக் குரங்கை வரவழைத்தார். குரங்கு அடியில் இருந்த குழாய், கம்பி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டது.

அந்தக் கோடை முழுக்கப் பச்சை வேன் மலை ஏறி இறங்கியது. ஒவ்வொரு நாளும் அஞ்சுகம் முதலில் தரையில் படுத்து அடியில் பார்ப்பாள். மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்த பிறகுதான், அந்தத் தழும்புகளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கதவைத் திறப்பாள்.

ஒன்றின் கடந்த காலம் எத்தனை பெருமை வாய்ந்ததாக இருந்தாலும், அந்தக் காலம் அதற்குச் செய்த சேதத்தையும் கேட்டுச் சரிபார்த்த பிறகே அதை நம்பிப் பிறர் உயிரை ஒப்படைக்க வேண்டும்.